கடையில் கிடைக்கும் ஸ்வெட்டரை எதற்காக உட்கார்ந்து பின்னுகிறார்கள்?

கேள்வி இதுதான்: சில நூறு ரூபாய்க்குக் கடையில் ஸ்வெட்டரும் தொப்பியும் சாக்ஸும் கிடைக்கும்போது, இரண்டு ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பின்னுவதில் மக்களுக்கு அப்படி என்ன கிடைக்கிறது? மன அமைதி கிடைக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?

அமைதி கிடைப்பது உண்மைதான். ஆனால் அதை முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். நான் பல வருடங்களாகப் பின்னுகிறேன், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். அமைதி தேடி வந்தவர்களில் பலர் ஒரு மாதத்திலேயே ஊசியை ஓரம் வைத்துவிட்டார்கள். முதல் சில வாரங்களில் அமைதி வருவதில்லை, எரிச்சல்தான் வரும். விடாமல் தொடர்கிறவர்கள் யார் என்று பார்த்தால், ஒரு துணி எப்படி உருவாகிறது என்ற சூட்சுமம் பிடிபட்டவர்கள். வெறும் நூல் தன் கையில் துணியாக மாறுகிறது, அந்தத் துணி தான் சொன்ன இடத்தில் வளைகிறது, அகலமாகிறது, குறுகுகிறது என்பதைக் கண்டவர்கள். அந்தச் சந்தோஷம் வந்த பிறகு அமைதி தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஊசி வாங்க வேண்டியதில்லை. இப்போது போட்டிருக்கும் டி-ஷர்ட்டையோ பனியனையோ கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய நெடுவரிசைகள் தெரியும். உள்பக்கம் திருப்பினால் குறுக்காக ஓடும் சின்னச் சின்ன மேடுகள். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று சொல்கிற துணி இதுதான். கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவரின் ஊசியில் உருவாவதும் இதே அமைப்புதான். அங்கே வட்டமான இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே மூச்சில் செய்வதை, இங்கே இரண்டு ஊசிகள் ஒவ்வொரு கண்ணியாக, அதாவது ஒவ்வொரு நூல் வளையமாகச் செய்கின்றன.

வேட்டியும் சேலையும் நெய்த துணி. பாவு நூல் நெடுக்கில் நேராகப் போகிறது, ஊடை நூல் குறுக்கில் நேராகப் போகிறது. இழுத்தால் அதிகம் கொடுக்காது. பின்னிய துணியிலோ ஒரே நூல்தான் வளைந்து வளைந்து போகிறது. ஒரு வரிசையில் இருக்கும் வளையங்களுக்குள் அடுத்த வரிசை வளையங்கள் நுழைந்து நிற்கின்றன. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளைவுகள் நிமிர்ந்து இடம் கொடுக்கின்றன, விட்டதும் பழையபடி வளைந்துகொள்கின்றன. பொத்தான் எதுவும் இல்லாமல் பனியனைத் தலை வழியாகப் போட முடிகிறது என்றால் அதற்கு இந்த வளைவுகள்தான் காரணம்.

இந்த வளையங்களைப் போட மொத்தம் இரண்டே வழிதான். ஒன்று நிட்: ஊசியைக் கண்ணியின் முன்பக்கமாக நுழைத்து, பின்னால் இருக்கும் நூலைப் பிடித்து முன்னால் இழுப்பது. இன்னொன்று பர்ல்: நூலை முன்னால் வைத்துக்கொண்டு, அதைக் கண்ணி வழியாகப் பின்பக்கம் தள்ளுவது. நிட் போட்ட கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் அதுவே பர்ல். அதாவது உண்மையில் இருப்பது ஒரே அசைவு, எந்தப் பக்கமிருந்து செய்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

இந்த ஒன்றை மாற்றி மாற்றி அடுக்குவதிலேயே துணியின் குணம் மாறிவிடுகிறது. எல்லா வரிசையும் நிட்டாகப் போட்டால் தடிமனாக, மேடுபள்ளமாக, ஓரம் சுருளாமல் படுத்திருக்கும் துணி. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் பனியனில் பார்த்த துணி. அது வழவழப்பாக இருக்கும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். பழைய டி-ஷர்ட்டைக் கத்தரித்து வீடு துடைக்க வைத்திருந்தால் அந்தச் சுருட்டலைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வரிசையில் ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாற்றி, அடுத்த வரிசையில் நிட்டுக்கு மேல் நிட், பர்லுக்கு மேல் பர்ல் வருமாறு அடுக்கினால், மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் ரிப். நூலும் அதேதான், ஊசியும் அதேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இதை ஆராய்கிறார். அவரே பின்னுகிறவர். நிட்டும் பர்லும் அடுக்கப்படும் முறை மாறினால் துணியின் நெகிழ்வு எப்படியெல்லாம் மாறுகிறது என்பதை அவருடைய குழு 2024-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. பல நூறு வருடங்களாகக் கைகளுக்குத் தெரிந்திருந்த ஒன்றை இப்போதுதான் சமன்பாடுகளில் எழுதுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கற்றுக்கொள்பவருக்கு உண்மையான திருப்பம் எப்போது வருகிறது என்றால், கண்ணி ஒன்று நழுவி விழும் நாளில். ஊசியிலிருந்து ஒரு கண்ணி தவறினால் அது அந்த இடத்தில் நிற்காது. கீழே இருக்கும் வரிசை, அதற்குக் கீழே இருக்கும் வரிசை என்று அவிழ்ந்துகொண்டே போகும். அது அவிழ்ந்த இடத்தில் குறுக்கு நூல்கள் ஏணிப்படிகளாகத் தொங்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் பதறிப்போய் எல்லாவற்றையும் பிரித்துவிடலாமா என்பார்கள். பிரிக்க வேண்டாம். நுனியில் கொக்கி இருக்கும் குரோஷா ஊசி ஒன்றை எடுத்து, கீழே தப்பி நிற்கும் வளையத்துக்குள் கொக்கியை நுழையுங்கள். அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் படியைப் பிடித்து வளையத்துக்குள் இழுங்கள். இப்போது அந்தப் படியே புது வளையமாகிவிட்டது. அடுத்த படி, அதற்கு அடுத்த படி என்று மேலே ஏறினால் ஊசி வரைக்கும் வந்துவிடலாம். கடைசியில் அங்கே ஒன்று விழுந்தது என்பதற்கான தடயம்கூட இருக்காது. ஒருமுறை இதைத் தன் கையால் செய்தவர் அதன் பிறகு துணியைப் பார்க்கும் விதமே மாறிவிடும். எந்தக் கண்ணி நிட், எது பர்ல், எங்கே இரண்டு சேர்ந்துவிட்டது என்று படிக்க ஆரம்பித்துவிடுவார். குறிப்புத் தாளை நம்பிப் பின்னியவர் துணியை நம்பிப் பின்னுவார்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், எதுவும் வீணாவதில்லை. மரத்தை அளவு தவறி அறுத்துவிட்டால் அவ்வளவுதான். ரவிக்கைத் துணியைக் கத்தரி போட்ட பிறகு திரும்ப ஒட்ட முடியாது. பின்னலில் நூலின் கடைசி முனையைப் பிடித்து இழுத்தால் முழு ஸ்வெட்டரும் மறுபடி நூலாகிவிடும். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீழே கொஞ்சம் கனம் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் நெளிவு போய்விடும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் துணிக்கு ரேஷன் வந்தது. அப்போது வீடு வீடாகப் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னினார்கள். இன்றைக்கு நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் தப்பு செய்தாலும் நஷ்டம் நேரம் மட்டும்தான் என்பது கற்றுக்கொள்கிறவருக்கு எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்களான பிறகு நாம் புதிதாக எதையும் தொடத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தானே.

அடுத்தது, என்னைக் கேட்டால் இந்தக் கலையிலேயே அழகான இடம்: சாக்ஸின் குதிகால்.

சாக்ஸ் ஒரு குழாய். கணுக்கால் வரைக்கும் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே வரலாம், யோசிக்கவே வேண்டாம். ஆனால் கால் அங்கே தொண்ணூறு டிகிரி திரும்புகிறது. நூலும் திரும்ப வேண்டும், வெட்டாமல், தைக்காமல். மெல்லிய நூலில் பெரியவர்களுக்கான சாக்ஸ் என்றால் சுற்றுக்கு 64 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். குதிகாலுக்கு வந்ததும் பாதியை, அதாவது 32 கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஒரு சதுரப் பட்டை பின்னுவோம். மீதி 32 சும்மா காத்திருக்கும். பட்டை முடிந்ததும்தான் வித்தை. 18 கண்ணி நிட் போட்டு, அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்து, இன்னும் ஒன்று போட்டுவிட்டு, வரிசை முடியாமல் பாதியிலேயே திரும்பிவிட வேண்டும். மறுபக்கம் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிட்டு, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒன்று, மறுபடி திரும்பு. அடுத்த முறை 5 என்பது 6 ஆகும், பிறகு 7. ஒவ்வொரு திரும்பலிலும் ஒரு கண்ணி கூடுதலாக விழுங்கிக்கொண்டே போவோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில், தட்டையாக இருந்த பட்டையின் அடியில் ஒரு குழி விழுந்திருக்கும். 18 கண்ணிகள் மிச்சம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் அச்சு அசலாகக் குதிகால்.

குறிப்பைப் படித்தால் இது தலைகால் புரியாது. கை செய்யும்போது கண் முன்னால் நடந்துவிடும். நான் சொல்லிக்கொடுத்த ஒருவர் கூட முதல் குதிகால் திரும்பியதும் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாமல் இருந்ததில்லை. அப்புறம் பட்டையின் இரண்டு ஓரங்களிலும் புதிதாகக் கண்ணிகளை எடுத்து, காத்திருந்த 32-ஐயும் சேர்த்துக்கொண்டு மறுபடி சுற்றிச் சுற்றிப் போக வேண்டியதுதான். விரல் நுனியில் மீதமிருக்கும் இரண்டு வரிசைக் கண்ணிகளையும் தையல் தெரியாமல் இணைக்க ஒரு முறை இருக்கிறது. முதல் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிட்சனர் பிரபுவின் பெயரில் அதை இன்றும் கிட்சனர் முறை என்கிறார்கள். சிப்பாய்களின் விரலைத் தையல் மேடு உரசாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கவலை.

ஒரு சாக்ஸுக்கு ஏறத்தாழ 170 சுற்று வரும். ஜோடிக்குக் கணக்குப் போட்டால் 20,000 கண்ணிகளைத் தாண்டிவிடும். இது கேட்பவருக்கு மலைப்பாக இருக்கும், பின்னுகிறவருக்கு இருக்காது. ஒரு நேரத்தில் அவருக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அது முடிந்துவிட்டால் முடிந்ததுதான். என்னிடம் கற்ற ஒரு கணக்குத் தணிக்கையாளர் சொன்னது நினைவிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு அறிக்கையை முடித்துக் கொடுத்தாலும் திருத்தம், மறு திருத்தம் என்று அது திரும்பி வந்துகொண்டே இருக்கும், ராத்திரி பின்னிய பத்து வரிசை மட்டும்தான் மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கிறது என்றார். திரையில் வேலை செய்து, திரையிலேயே அனுப்பி, கையில் எதுவும் தங்காமல் நாளை முடிக்கிறவர்களுக்கு இந்தப் பத்து வரிசையின் அருமை சட்டென்று விளங்கிவிடுகிறது.

சரி, இனி அமைதி விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் ஜில் ரைலி, பெட்சன் கார்க்ஹில், கிளேர் மோரிஸ் என்ற மூவர் 2013-ல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னலாளர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு அடிக்கடி பின்னுகிறார்களோ அவ்வளவுக்கு அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். 2009-ல் கனடாவில், உணவை ஒதுக்கும் அனோரெக்சியா நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 38 பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். மனத்தை ஆக்கிரமித்திருந்த பயங்களும் எண்ணங்களும் தணிந்ததாகப் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 70 முதல் 89 வயது வரையிலான 1,321 பேரில், பின்னல் போன்ற கைவேலை, புத்தகம் படிப்பது, விளையாட்டு போன்றவற்றில் ஈடுபட்டவர்களிடம் லேசான மறதிக் கோளாறு குறைவாகக் காணப்பட்டது.

இவற்றை அப்படியே மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே பின்னலை நேசிப்பவர்கள். மூன்றாவதில், பின்னியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் பின்ன முடிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மனச்சோர்வு உள்ளவருக்கு டாக்டரைப் பார்க்காதே, நூல் வாங்கு என்று யாராவது சொன்னால் அது தப்பு.

ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று பின்னுகிறவர் தன் அனுபவத்திலேயே பார்க்கலாம். கைகள் இரண்டும் பிடிபட்டிருக்கின்றன, அதனால் போனை எடுக்க முடியாது. அசைவு திரும்பத் திரும்ப ஒரே தாளத்தில் வருகிறது. மனத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, முழு வேலை இல்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர், ஒருவர் தன் திறமைக்குச் சரியாக ஈடு கொடுக்கும் வேலையில் இருக்கும்போது நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துவிடுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வேலை ரொம்ப சுலபமாக இருந்தால் சலிப்பு, ரொம்பக் கடினமாக இருந்தால் பதற்றம். பின்னலில் அந்தக் கடினத்தை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பேருந்தில் போகும்போது வெறும் நிட் சுற்று, ஞாயிறு காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிசையையும் எண்ணிப் போட வேண்டிய, துளைத் துளையாக வேலைப்பாடு வரும் லேஸ். நான் எப்போதும் இரண்டு வேலைகளை ஊசியில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

காத்திருக்கும் நேரத்தைப் பின்னல் எப்படி மாற்றுகிறது என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் டாம் டேலி. பிரிட்டனின் டைவிங் வீரர். 2020-ல் ஊரடங்குக் காலத்தில் ஊசியைப் பிடித்தவர், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகு, பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பதக்கத்தில் கீறல் விழாமல் இருக்க ஒரு பக்கம் பிரிட்டன் கொடி, மறுபக்கம் ஜப்பான் கொடி வைத்துச் சின்னப் பை ஒன்றும் பின்னியிருந்தார். விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையில் போட்டி சில விநாடிகள், காத்திருப்பு பல மணி நேரம். நம் வாழ்க்கையிலும் ஆஸ்பத்திரி வராண்டா, பள்ளிக்கூட வாசல், ரயில் என்று எவ்வளவு நேரம் போகிறது.

ரயில் என்றதும் ஜெர்மனியில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். மியூனிக் பக்கத்தில் தினமும் ரயிலில் வேலைக்குப் போன ஒரு பெண்மணி 2018 முழுவதும் ஒரு நாளைக்கு இரண்டு வரிசை வீதம் மஃப்ளர் பின்னினார். ரயில் 5 நிமிடத்துக்குள் தாமதம் என்றால் சாம்பல் நிறம். அரை மணி நேரம் வரை தாமதம் என்றால் ரோஸ். அதற்கு மேல் போனாலோ, போகவும் வரவும் இரண்டு முறையும் தாமதமானாலோ சிவப்பு. வருடக் கடைசியில் மஃப்ளரைப் பார்த்தாலே எந்த மாதம் ரயில் எவ்வளவு சொதப்பியது என்று தெரிந்தது. 2019 ஜனவரியில் அது ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது, பணம் ரயில் நிலையங்களில் உதவி செய்யும் தொண்டு அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. தினசரி எரிச்சலை இரண்டு வரிசை நூலாக மாற்றி வைத்தார் அவர். ஒரு வருடத்தை இப்படிக் கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய பொழுதுபோக்கு வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். பின்னல் என்றாலே குளிர்நாட்டு வேலை, கம்பளி வேலை என்ற எண்ணம் தவறு. உலகில் இதுவரை கிடைத்தவற்றில் பழமையான இரண்டு ஊசிப் பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. ஏறத்தாழ 11 முதல் 14-ம் நூற்றாண்டுக்குள் பின்னப்பட்ட அவற்றில் பல பருத்தி நூலில், நீலமும் வெள்ளையுமாகப் பூவேலை செய்த காலுறைகள். நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சான்றே வெயில் நாட்டுப் பருத்திதான். நம்மைச் சுற்றி நல்ல பருத்தி நூலுக்குப் பஞ்சமில்லை. கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக்தான். அதைக் கையில் வைத்துப் பின்னினால் சென்னை மே மாதத்தில் வியர்த்துக் கொட்டும். பருத்தியில் பை, மேசை விரிப்பு, குழந்தைக்குக் கை வைக்காத சட்டை, கோடைக்கான மெல்லிய ஷால் என்று எவ்வளவோ பின்னலாம்.

பெண்கள் வேலை என்பதும் அப்படித்தான். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் இருக்கும் டாக்கிலே தீவில் பின்னுவது ஆண்கள். பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டு, காதை மூடும் தொப்பிகளை மிக மெல்லிய ஊசிகளில் பின்னுகிறார்கள். அந்தத் தீவின் நெசவையும் பின்னலையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாசார மரபாக அங்கீகரித்திருக்கிறது. ஐரோப்பாவிலும் பழைய காலத்துப் பின்னல் தொழில் சங்கங்களில் இருந்தவர்கள் ஆண்கள். என் வகுப்புக்கு வந்த ஆண்கள் எல்லாரும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தோடுதான் தொடங்கினார்கள். குதிகால் திரும்பியதும் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

இதை ஏன் பொழுதுபோக்கு என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னல் எப்போதும் இன்பமாக இருந்ததில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 19-ம் நூற்றாண்டுப் பெண்கள், அடுப்பெரிக்கும் மண்கட்டிகளைக் கூடை நிறைய முதுகில் சுமந்து நடந்துகொண்டே பின்னினார்கள். இடுப்பில் குதிரைமுடி அடைத்த தோல் பெல்ட் கட்டி, அதன் துளையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொள்வார்கள். அங்கே உன்ஸ்ட் என்ற தீவில் பின்னிய லேஸ் ஷால்கள் முழுதாகக் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்கு மெல்லியவை. அவ்வளவு திறமைக்கும் வியாபாரிகள் கையில் காசாகக் கொடுக்கவில்லை. தேயிலையாகவும் துணியாகவும் கொடுத்தார்கள். கொடுமை எந்த அளவுக்குப் போனதென்றால், பிரிட்டிஷ் அரசே விசாரணைக் குழு அமைத்தது. 1872-ல் வெளியான அதன் அறிக்கையில் இந்தப் பெண்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. அவர்களுடைய கைகள் செய்த அதே அசைவைத்தான் நாமும் செய்கிறோம். நமக்கு அது சுகமாக இருப்பதற்குக் காரணம், அடுத்த வேளைச் சோறு அதில் இல்லை என்பதுதான்.

அதனால்தான் நன்றாகப் பின்னுகிறவரிடம் “இதை விற்கலாமே” என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் 1589-லேயே காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். அன்றிலிருந்து வேகத்தில் கை தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஜோடி சாக்ஸுக்கான நல்ல நூலின் விலைக்குக் கடையில் பல ஜோடி வாங்கலாம், மணிக்கூலி கணக்குப் போட்டால் யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள். மிச்சம் பிடிக்கப் பின்னுகிறேன் என்பவர் ஏமாந்துபோவார்.

கொடுப்பதற்காகப் பின்னுவது வேறு. அப்பாவின் பாதத்தை அளந்து, அவருடைய இடது கால் வலதைவிடக் கொஞ்சம் பெரியது என்று தெரிந்து, அதற்கேற்ப நான்கு சுற்று கூட்டிப் போடுவதைக் கடை செய்யாது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு ஆரஞ்சுப் பழ அளவு தலைக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உள்ளாடையில் வைத்துக்கொள்ள, மென்மையான பருத்தி நூலில் பின்னிய செயற்கை மார்பகங்களை நிட்டட் நாக்கர்ஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். சிலிக்கானில் செய்தவை கனமாகவும் சூடாகவும் இருக்கும், விலையும் அதிகம். பருத்தியில் பின்னியது காற்றோட்டமாக இருக்கும், துவைத்துக் காயப்போடலாம். இந்தியாவிலும் இதைச் செய்கிற குழுக்கள் உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் செய்த ஒன்று முன்பின் தெரியாத ஒருவரின் நெஞ்சோடு ஒட்டி இருக்கிறது என்ற நினைப்புக்கு ஈடான பரிசை நான் அறிந்ததில்லை.

தனியாகச் செய்யும் வேலையானாலும் கூட்டமும் சேர்ந்துவிடுகிறது. 2007-ல் தொடங்கிய ராவெல்ரி என்ற இணையதளத்தில் உலகெங்கும் இருக்கும் பின்னலாளர்கள் தங்கள் டிசைன்களையும் தவறுகளையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே ஒரு கொக்கி ஊசியால் செய்யும், பின்னலின் தங்கையான குரோஷாவில், சென்னையைச் சேர்ந்த மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 2016-ல் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்ற கின்னஸ் சாதனை செய்தது. 11,148.5 சதுர மீட்டர். பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னி அனுப்பிய சதுரங்களைச் சேர்த்துச் செய்தது அது.

தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை: ஸ்வெட்டரில் ஆரம்பிக்காதீர்கள். நடுத்தர தடிமனில் வெளிர் நிறப் பருத்தி நூல் ஒரு உருண்டை, 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி. கறுப்பு நூலில் கண்ணி தெரியாது, வேண்டாம். 30 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட்டாக, கையளவு சதுரம் ஒன்று பின்னுங்கள். ஓரம் கோணலாக வரும், எண்ணிக்கை கூடும் குறையும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது பாத்திரம் துடைக்க உதவும். இரண்டாவது சதுரத்தில் பர்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் ரிப். அதற்குள் துணியைப் படிக்கக் கண் பழகிவிடும், அப்புறம் தொப்பி, அதற்கப்புறம் சாக்ஸ். வியர்க்கும் கையில் நூல் ஒட்டிக்கொண்டால் மூங்கில் ஊசியிலிருந்து ஸ்டீல் ஊசிக்கு மாறுங்கள், கண்ணி அடிக்கடி வழுக்கி விழுந்தால் ஸ்டீலிலிருந்து மூங்கிலுக்கு. தொடக்கத்தில் எல்லாரும் நூலை இறுக்கிப் பிடிப்பார்கள், அதனால் விரலும் மணிக்கட்டும் வலிக்கும். ஒரு நேரத்துக்கு இருபது நிமிடம் போதும். வலி இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த நாள் எடுங்கள்.